இரண்டு கோடு விழுந்தால் விஷமா?

கேள்வி: ஐயா, வந்தவாசிப் பக்கம் ஒன்றரை ஏக்கர் மல்லாட்டை (நிலக்கடலை). உடைத்து மூட்டை கட்டிவிட்டோம். வியாபாரி மேல் மூட்டையில் ஒரு கைப்பிடி எடுத்து, சோதனைப் பட்டையில் பார்த்து, "இரண்டு கோடு விழுந்திருக்கு, அஃப்ளாடாக்சின், பூஞ்சை நச்சு இருக்கு" என்று மூட்டைக்கு 300 ரூபாய் குறைக்கிறார். பூச்சிமருந்துக் கடையில் மூட்டைக்குப் புகை மாத்திரை போடச் சொல்கிறார்கள். போடலாமா?

பதில்: வேண்டாம். அந்த மாத்திரை வண்டைக் கொல்லும். பூஞ்சை விட்டுப்போன நச்சை ஒன்றும் செய்யாது. ஆட்கள் படுத்துறங்கும் வீட்டில் அதன் புகை ஆளையே கொல்லும். இதைக் கேட்டவருக்கெல்லாம் எடுத்துக் கொடுக்கும் கடைக்காரர் பக்கமே போகாதீர்கள்.

கோடு விஷயத்தில் வியாபாரி சொன்னது தலைகீழ். இது கர்ப்பம் பார்க்கும் அட்டை இல்லை. அஃப்ளாடாக்சின் மிகச் சின்ன மூலக்கூறு. ஒரே நேரத்தில் இரண்டு ஆன்டிபாடி (நச்சைப் பிடிக்கும் புரதம்) ஒட்ட அதில் இடமில்லை. அதனால் போட்டி முறைதான். ஒரு கோடு, பட்டை வேலை செய்கிறதா என்று காட்ட; மற்றது சோதனைக் கோடு. சோதனைக் கோட்டில் கொஞ்சம் நச்சைப் பூசியிருப்பார்கள், நிறமேற்றிய ஆன்டிபாடி அதில் ஒட்டினால்தான் கோடு தெரியும். கடலைச் சாற்றில் நச்சு இருந்தால் அது ஆன்டிபாடியை முந்திப் பிடித்துக்கொள்ளும், சோதனைக் கோடு மங்கும் அல்லது விழாது. இரண்டு கோடும் தெளிவாக விழுந்தால் அந்தப் பட்டையின் வரம்புக்குக் கீழே என்று பொருள்.

ஆனால் அந்த நல்ல சேதியையும் நான் நம்பமாட்டேன். ஒரு கைப்பிடியில் என்ன தெரியும்? நச்சு மூட்டை முழுக்கச் சீராகப் பரவியிருக்காது, எங்கோ ஒன்றிரண்டு பருப்பில் மொத்தமாக உட்கார்ந்திருக்கும். பதப்படுத்தப் போகும் பருப்புக்கு நம் உச்சவரம்பு கிலோவுக்கு 15 மைக்ரோகிராம். படுமோசமாகப் பூஞ்சை பிடித்த ஒரே பருப்பு 20 கிலோவை அதற்கு மேலே தள்ளிவிடும். எல்லா மூட்டையிலும் மேல், நடு, அடி என்று குத்தூசி போட்டு ஐந்து கிலோவாவது சேர்த்து, முழுதையும் அரைத்துக் கலந்து, அந்த மாவிலிருந்து சோதிக்க வேண்டும். ஹைதராபாத் பக்கம் பதன்செருவில் உள்ள இக்ரிசாட் பயிர் ஆராய்ச்சி நிலையத்தில், இந்த நச்சை அளக்கச் செலவு குறைந்த எலைசா என்ற ஆய்வகச் சோதனை முறையே உருவாக்கினார்கள். மாதிரி தப்பானால் அதுவும் தப்பாகத்தான் சொல்லும்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. உடைக்கும்போது பருப்பு நொறுங்காமலிருக்கத் தண்ணீர் தெளித்தீர்களா? நம் பக்கம் பாதிப் பேர் தெளிக்கிறார்கள். காயவைத்துக் காப்பாற்றிய கடலையில் நாமே பூஞ்சைக்கு ஈரம் ஊற்றுகிறோம். தெளித்திருந்தால் இன்றே மூட்டையைப் பிரித்துக் காயப்போடுங்கள். சுருங்கியது, கறுத்தது, பூச்சி துளைத்ததைப் பொறுக்கிக் கழியுங்கள். கழித்ததைச் செக்குக்கு அனுப்பாதீர்கள். புண்ணாக்கில் தங்கும் நச்சு மாட்டுப்பாலில் வரும்.

வியாபாரியிடம், பட்டை டப்பாவில் போட்டிருக்கும் படத்தைக் காட்டச் சொல்லிவிட்டு விலை பேசுங்கள்.