ஒன்றரை நிமிடம்

கேள்வி: சீனாவின் சி-802 கப்பல் எதிர்ப்பு ஏவுகணை ஒலியின் வேகத்தைக்கூட எட்டாது, பிரெஞ்சு எக்சோசெட் ஏவுகணையைப் பார்த்துச் செய்தது என்கிறார்கள். பாகிஸ்தான் போர்க்கப்பல்களில் அது இருந்தால் என்ன? நம்மிடம்தான் ஒலியை மிஞ்சும் பிரம்மோஸ் ஏவுகணை இருக்கிறதே?

பதில்: பிரம்மோஸ் எதிரியின் கப்பலை அடிக்கும். நம்மை நோக்கி வரும் ஏவுகணையை அது தடுக்காது. இரண்டையும் பக்கத்தில் வைத்து வேகத்தை ஒப்பிடுவதே தப்புக் கணக்கு.

தோற்றத்தில் எக்சோசெட் சாயல் இருக்கிறது, சரி. ஆனால் முந்தைய சி-801 முழுக்க ராக்கெட்டில் ஓடியது. 40 கிலோமீட்டரைத் தாண்டுவதே பெரிய பாடு. சி-802இல் பூஸ்டர் என்ற தொடக்க ராக்கெட் உந்திவிட்டுக் கழன்று விழுந்ததும் ஒரு சின்ன டர்போஜெட் எஞ்சின் ஓட ஆரம்பிக்கும். எரிபொருளை எரிக்க வேண்டிய ஆக்சிஜனைச் சுமந்து போகாமல் காற்றிலிருந்தே எடுத்துக்கொள்வதால் தூரம் 120 கிலோமீட்டராக நீண்டது. நகல் என்று ஒதுக்குகிறவர்கள் இதைப் பார்ப்பதில்லை.

அதன் உண்மையான பலம் தாழப் பறப்பதில் இருக்கிறது. கடைசிக் கட்டத்தில் அலைக்கு மேலே 5 முதல் 7 மீட்டரில், ஒரு மாடிவீட்டு உயரத்தில் வரும். பூமி உருண்டை. கப்பலின் ரேடார் 20 மீட்டர் உயரத்தில் இருந்தாலும், ஏவுகணை 28 கிலோமீட்டருக்குள் வந்த பிறகுதான் அடிவானத்துக்கு மேல் தலைகாட்டும். நொடிக்கு 300 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி ஒன்றரை நிமிடம். அதற்குள் கடலலையில் பட்டுத் திரும்பும் ரேடார் எதிரொலிகளிலிருந்து அதைப் பிரித்தறிந்து, எச்சரித்து, சுட்டு வீழ்த்த வேண்டும். தவறினால் 165 கிலோ வெடிமுனை கப்பலின் பக்கச் சுவரைத் துளைத்து உள்ளே போய் வெடிக்கும்.

இஸ்ரேலுக்கும் லெபனானின் ஹிஸ்புல்லா ஆயுதக் குழுவுக்கும் போர் நடந்தபோது, 2006 ஜூலை 14 இரவு லெபனான் தலைநகர் பெய்ரூட்டுக்கு எதிரே நின்ற இஸ்ரேலின் ஹனித் போர்க்கப்பலுக்கு இதுதான் நடந்தது. சீனாவிடமிருந்து ஈரான் வாங்கி, அப்புறம் நூர் என்ற பெயரில் தானே தயாரித்த வகை அது. ஹிஸ்புல்லா கரையிலிருந்து ஏவியது. ஹனித்தில், வரும் ஏவுகணையை வானிலேயே தடுக்கும் பராக் ஏவுகணைகள் இருந்தன. நம் கடற்படையும் நம்பியிருப்பது அந்தப் பராக் குடும்பத்தைத்தான். நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் குண்டு பொழியும் ஃபாலன்க்ஸ் பீரங்கியும் இருந்தது. ஆனால் ஹிஸ்புல்லாவிடம் இப்படி ஓர் ஆயுதம் இருக்கும் என்று எதிர்பார்க்காததால் தற்காப்பு அமைப்பு முழுமையாக இயங்கும் நிலையில் இல்லை. நான்கு மாலுமிகள் இறந்தார்கள். கப்பல் எரிந்தபடி தப்பி, சொந்த எஞ்சினிலேயே இஸ்ரேலின் அஷ்தோத் துறைமுகம் போய்ச் சேர்ந்தது.

'மெதுவான ஏவுகணைதானே' என்று கேட்கும்போது அந்த நான்கு பேரை நினைத்துக்கொள்ளுங்கள். பயப்படச் சொல்லவில்லை. நம் கப்பல்களில் ரேடார் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கும் அதே ஒன்றரை நிமிடம்தான் என்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. அன்றிரவு வந்த இன்னொரு ஏவுகணை, கம்போடியக் கொடியுடன் போய்க்கொண்டிருந்த சரக்குக் கப்பலைத் தாக்கி மூழ்கடித்தது. ஏவுகணையின் மூக்கில் இருக்கும் ரேடார், திரும்பி வரும் எதிரொலியைப் பிடித்துப் போகிறது; எந்த நாட்டுக் கொடி என்று அதற்குத் தெரியாது. அதில் இருந்தவர்கள் எகிப்திய மாலுமிகள். அந்தப் போருக்கும் அவர்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.