மெக்கானிக்கிடம் தூக்கிக்கொண்டு போகும் முன்: தையல் மிஷின் கேள்வி-பதில்

கேள்வி: துணியின் அடிப்பக்கம் நூல் கூடு கட்டியதுபோல் சுருண்டு நிற்கிறது. பாபின் கேஸ் (அடி நூல் சுற்றிய பாபினை வைக்கும் உறை) ஸ்க்ரூவை இறுக்கிப் பார்த்தேன், பலன் இல்லை.

அடியில் நூல் சுருண்டால் கோளாறு பெரும்பாலும் மேல் நூலில்தான். மேல் நூலுக்குப் போதிய பிடிப்பு இல்லாததால் ஷட்டில் (அடியில் மேல் நூலைப் பாபின் நூலோடு இணைக்கும் கொக்கி) அதைத் தேவைக்கு மேல் கீழே இழுத்துவிடுகிறது. மேல் நூலை முழுவதும் உருவிவிட்டு, துணியை அழுத்திப் பிடிக்கும் ஃபுட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு மறுபடி கோர்த்துவிடுங்கள். ஃபுட் தூக்கியிருந்தால்தான் மேல் நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகள் விலகி, நூல் அவற்றின் நடுவில் போய் உட்காரும். இறக்கிவைத்துக் கோர்த்தால் நூல் தட்டுகளின் விளிம்பிலேயே நின்றுவிடும். தட்டுகளுக்கு இடையில் நூல் துணுக்கு மாட்டியிருந்தாலும் இதே கதைதான். மெல்லிய துணியை மடித்து இடையில் விட்டு நாலு முறை இழுத்தால் வெளியே வந்துவிடும்.

பாபின் கேஸ் ஸ்க்ரூவைத் திருகிவிட்டீர்கள், அதையும் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். பாபின் போட்ட கேஸை நூல் நுனியில் பிடித்துத் தொங்கவிடுங்கள். தானாகச் சரசரவென்று இறங்கினால் லூஸ். கையைச் சற்றே உதறும்போது ஓர் அங்குலம் இறங்கி நின்றால் சரி. உதறியும் அசையாவிட்டால் இறுக்கம். ஸ்க்ரூவை ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருப்பாதீர்கள். கேஸின் பட்டை ஸ்பிரிங்குக்கு அடியில் சேரும் பஞ்சுப் பிசிறுதான் பல வீடுகளில் இந்த ஸ்க்ரூவைக் கெடுக்க வைக்கிறது. ஸ்பிரிங்கைக் கழற்றத் தேவையில்லை, கெட்டியான காகிதத்தின் மூலையை உள்ளே விட்டு இழுத்தாலே போதும்.

கேள்வி: மிஷின் ஒரு வருடமாக மூடிக் கிடந்தது. இப்போது மிதிக்கவே முடியவில்லை. தேங்காய் எண்ணெய் விட்டுப் பார்த்தோம், இரண்டு நாள் லேசாக ஓடியது, பிறகு முன்பைவிட மோசம்.

தேங்காய் எண்ணெய், கடலை எண்ணெய், சமையலறையில் உள்ள எந்த எண்ணெயும் கூடாது. காற்றுப் பட்டுக் காலப்போக்கில் அது பிசினாகிவிடும். தூசியும் பஞ்சும் அதில் ஒட்டி, துவாரத்துக்குள் கறுப்பு மெழுகு மாதிரி உறையும். உங்கள் மிஷினுக்குள் இப்போது இருப்பது அதுதான். மேலே நல்ல எண்ணெய் விட்டால் அது உள்ளே இறங்காது. முதலில் பிசினைக் கரைக்க வேண்டும்.

மோட்டார் இருந்தால் கழற்றித் தள்ளி வையுங்கள். அடுப்பு, விளக்கு அருகில் இருக்கக் கூடாது. எண்ணெய்த் துவாரங்கள் ஒவ்வொன்றிலும் மண்ணெண்ணெய் நாலைந்து சொட்டு விட்டு, அரை மணி நேரம் கழித்துக் கைச்சக்கரத்தை உங்கள் பக்கமாகச் சுற்றுங்கள். அசையாவிட்டால் பலத்தைக் காட்ட வேண்டாம், மறுபடி சொட்டு விட்டு இரவு முழுக்க விட்டுவிடுங்கள். லேசாகச் சுற்ற ஆரம்பித்ததும் ஐந்து நிமிடம் ஓட்டினால் கறுப்புச் சாறு கசிந்து வரும். அதைத் துடைத்துத் துடைத்து எடுங்கள். மண்ணெண்ணெய் அழுக்கைக் கரைக்கும், உராய்வைத் தடுக்காது. அதனால் அன்றைக்கே தையல் மிஷினுக்கென்று விற்கும் வெள்ளை எண்ணெயைத் துவாரத்துக்கு ஒரு சொட்டு வீதம் விட்டாக வேண்டும்.

எங்கெங்கே என்றால்: மேல்பாகத்தில் உள்ள துவாரங்கள், இடது முகத்தகட்டைக் கழற்றினால் தெரியும் ஊசித் தண்டும் நூல் தூக்கியும், மிஷினைச் சாய்த்தால் அடியில் ஒன்றோடொன்று உரசும் இணைப்புகள், ஷட்டில் ஓடும் வட்டப் பாதை. மிதிப் பலகையின் இரு முனைகளையும் பெரிய சக்கரத்தின் அச்சையும் பலர் மறந்துவிடுகிறார்கள். மிதிக்கக் கனமாக இருப்பதற்குப் பாதிக் காரணம் அங்கேதான். தினமும் நாள் முழுக்கத் தைப்பவர்கள் தினமும் எண்ணெய் விட வேண்டும். எப்போதாவது தைப்பவர்களுக்கு மாதம் ஒருமுறை போதும். பிறகு பழைய துணியில் நாலு வரி ஓட்டினால் மிச்ச எண்ணெய் அதில் இறங்கிவிடும். பிளாஸ்டிக் கியர் உள்ள புது மிஷின்களில் கியரில் இந்த எண்ணெயை விடாதீர்கள், அங்கே கிரீஸ்தான்.

கேள்வி: லெக்கிங்ஸ் துணியில் தையல் விட்டு விட்டு விழுகிறது. காட்டனில் நன்றாகத்தான் இருக்கிறது.

காட்டனில் சரியாக விழுகிறது என்றால் மிஷின் நல்ல நிலையில்தான் இருக்கிறது, ஊசியை மாற்றுங்கள். இழுபடும் பின்னல் துணிக்கு முனை உருண்ட பால் பாயின்ட் ஊசி வேண்டும், 11 அல்லது 14 நம்பர். மற்றபடி மெல்லிய பட்டு, வாயிலுக்கு 9 அல்லது 11, பிளவுஸுக்கு 11 முதல் 14, பேன்ட் துணிக்கு 16, ஜீன்ஸுக்கு 18 வரை. ஊசியை மேலே முட்டும்வரை ஏற்றித்தான் இறுக்க வேண்டும். நீளப் பள்ளம் உள்ள பக்கம், கடைசி நூல் வளையம் இருக்கும் பக்கமாகவும், தட்டைப் பக்கம் அதற்கு எதிராகவும் இருக்கட்டும். வளைந்த ஊசியைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிப்பது கஷ்டம். கண்ணாடி மேல் தட்டைப் பக்கத்தை வைத்துப் பாருங்கள், முனைவரை இடைவெளி ஒரே சீராகத் தெரிய வேண்டும்.

கேள்வி: பாபின் சுற்றிய பிறகு சக்கரம் சுற்றுகிறது, ஊசி அசையவில்லை.

பாபின் சுற்றுவதற்காகத் தளர்த்திய, கைச்சக்கரத்தின் நடுவில் உள்ள குமிழை இறுக்குங்கள், அவ்வளவுதான். யாராவது கழற்றி மாட்டிய பின் இந்தத் தொல்லை வந்திருந்தால், உள்ளே இருக்கும் வாஷரை எடுத்து அரைச் சுற்று திருப்பிப் போட்டு இறுக்கிப் பாருங்கள்.

கேள்வி: புது நூல், புது ஊசி, இருந்தும் மேல் நூல் அறுந்துகொண்டே இருக்கிறது.

ஏற்கெனவே ஓர் ஊசி முறிந்திருக்கும். அது அடித்த இடத்தில் ஊசித் தட்டின் துளையிலோ ஷட்டில் முனையிலோ உலோகப் பிசிறு எழும்பியிருக்கும். நூல் அதில் ஒவ்வொரு தையலுக்கும் உரசி இழை இழையாகப் பிய்ந்துதான் அறுகிறது. அறுந்த நுனி பஞ்சு போல் விரிந்திருக்கிறதா என்று பாருங்கள். விரிந்திருந்தால் கொஞ்சம் பஞ்சை எடுத்துத் துளையின் விளிம்பிலும் ஷட்டில் முனையிலும் தடவுங்கள். எங்கே பஞ்சு மாட்டுகிறதோ அங்கே பிசிறு. மிக நைசான உப்புத்தாளை நூல் மாதிரி முறுக்கி, அந்த இடத்தை மட்டும் தேய்த்து வழவழப்பாக்கலாம். ஷட்டிலின் கூர்முனையைத் தேய்த்து மழுக்கிவிட்டால் தையல் விட ஆரம்பிக்கும். முனை அடிபட்டிருந்தால் ஷட்டிலை மாற்றுவதே நல்லது.

கேள்வி: சர்வீஸ் செய்ததாகச் சொல்லிப் பணம் வாங்கினார்கள். உண்மையில் செய்தார்களா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வெளியே துடைத்து, துவாரத்தில் எண்ணெய் ஊற்றிக் கொடுப்பது சர்வீஸ் அல்ல. ஊசித் தட்டைக் கழற்றி, துணியை நகர்த்தும் பல்லுக்கு அடியில் கம்பளி மாதிரி இறுகியிருக்கும் பஞ்சை எடுக்க வேண்டும். ஷட்டிலைக் கழற்றி மாட்ட வேண்டும். பல் முழுதாக மேலே வரும்போது தட்டுக்கு மேல் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் நிற்கிறதா, ஊசி அடிமட்டத்திலிருந்து 2 முதல் 2.5 மில்லிமீட்டர் ஏறும் நேரத்தில் ஷட்டில் முனை ஊசிக் கண்ணுக்குச் சற்று மேலே வந்து சேர்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்தக் கடைசி வேலைதான் டைமிங். அதை வீட்டில் தொடாதீர்கள்.

வாங்கும்போது கடையிலேயே ஊசித் தட்டைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள், பல் இடுக்கில் பஞ்சு இருந்தால் வேலை நடக்கவில்லை. மேலே சிவப்பு, கீழே வெள்ளை நூல் போட்டு, நீங்கள் வழக்கமாகத் தைக்கும் துணியில் இரண்டு மடிப்பில் ஒரு வரி, நாலு மடிப்பில் ஒரு வரி ஓட்டிப் பாருங்கள். மேல் பக்கம் வெள்ளைப் புள்ளியோ அடியில் சிவப்புப் புள்ளியோ தெரியக் கூடாது. தையல் நீளத்தைக் குறைத்தும் கூட்டியும், பின்னோக்கியும் ஓட்டுங்கள். பிறகு நூலை எடுத்துவிட்டுச் சக்கரத்தைக் கையால் மெதுவாக ஒரு சுற்று சுற்றுங்கள், எந்த இடத்திலும் முட்டக் கூடாது. பாகம் மாற்றியதாகச் சொன்னால் பழையதைக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: கால் மிஷினுக்கு மோட்டார் போட்டோம். சீக்கிரமே சூடாகிறது.

பெல்ட் மிக இறுக்கமாக இருக்கும். நடுவில் விரலால் அழுத்தினால் 1 சென்டிமீட்டர் அளவு அமுங்க வேண்டும். மோட்டாரை ஓட்டாமல் கையால் சுற்றினாலும் மிஷின் கனமாக இருக்கிறதென்றால் குற்றம் மோட்டாரில் இல்லை, இரண்டாம் கேள்விக்குச் சொன்னதைச் செய்யுங்கள். கருகல் வாடையோடு உள்ளே தீப்பொறி அதிகமாகத் தெரிந்தால் உடனே பிளக்கை உருவிவிட்டுக் கார்பன் பிரஷ்ஷை மாற்றக் கொடுங்கள்.