கிழித்த கடிதமும் தைத்த நூலும்

கேள்வி (வாசகி, கோபிசெட்டிபாளையம்): அம்மாயி காலமான பின் அவருடைய தகரப்பெட்டியைத் திறந்தபோது, பள்ளித்தோழி ஒருவர் எழுதிய கடிதக் கட்டு கிடைத்தது. அதில் ஒரு கடிதம் மட்டும் சுக்கல் சுக்கலாகக் கிழிக்கப்பட்டு, துணியில் முடிந்து வைக்கப்பட்டிருந்தது. செலோடேப் போட்டு ஒட்டலாம் என்கிறான் தம்பி. எரித்துவிடு என்கிறார் பெரியம்மா. எது சரி?

பதில்: இரண்டும் வேண்டாம். கிழித்த பிறகும் காப்பாற்றப்பட்ட கடிதங்கள் இலண்டனில் உள்ள பிரிட்டிஷ் நூலகத்திலும் இருக்கின்றன. 1847-இல் வெளிவந்த ‘ஜேன் அயர்’ என்ற ஆங்கில நாவலை எழுதிய சார்லட் பிராண்டே, பிரஸ்ஸல்ஸ் நகரில் படித்து ஊர் திரும்பியபின், மணமானவரான தம் ஆசிரியர் ஹெகருக்கு 1844, 1845 ஆண்டுகளில் பெரும்பாலும் பிரெஞ்சு மொழியில் எழுதியவற்றுள் நான்கு கடிதங்கள் மிஞ்சின. பதில் வராதா என்று மாதக்கணக்கில் ஏங்கியதை அவர் அவற்றில் ஒளிக்கவில்லை. நான்கில் மூன்று கிழிக்கப்பட்டவை. அவற்றைக் குப்பையிலிருந்து பொறுக்கியெடுத்து, நூலால் தைத்தும் தாள்பட்டை ஒட்டியும் சேர்த்தவர் ஹெகரின் மனைவியே என்பது அக்குடும்பத்தார் சொல்லிவந்த செய்தி. பெண்கள் பள்ளியை நடத்தியவர் அந்த அம்மையார். நாளை ஏதேனும் பேச்சு எழுந்தால் கையில் சான்று இருக்கட்டும் என்று நினைத்திருப்பார் என்பது என் ஊகம். ஒரு கடிதத்தின் ஓரத்தில் ஹெகர் செருப்புத் தைப்பவர் ஒருவரின் முகவரியைக் குறித்து வைத்திருக்கிறார். கிழித்ததைவிட அதுதான் எனக்குக் கொடுமையாகத் தெரிகிறது. 1913-இல் ஹெகரின் பிள்ளைகள் இக்கடிதங்களைப் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார்கள்; அதன் நூலகப் பிரிவுதான் பின்னாளில் பிரிட்டிஷ் நூலகமானது.

பெரியம்மாவின் யோசனையும் புதிதன்று. இப்படிப்பட்ட கடிதங்கள் தீக்குச்சியைப் போல் ஆபத்தானவை என்று சொல்லி, தம் மனைவி சார்லட் எழுதியவற்றை எரித்துவிடும்படி 1854-இல் அவருடைய தோழி எல்லன் நஸ்ஸியிடம் கேட்டவர் ஆர்தர் நிக்கல்ஸ். எல்லன் எரிக்கவில்லை. சார்லட்டின் வாழ்க்கையைப் பற்றி இன்று நாம் அறிவதில் பெரும்பகுதி, எல்லன் அப்படிக் காத்துவைத்த நூற்றுக்கணக்கான கடிதங்களிலிருந்து வந்ததுதான்.

செலோடேப்பின் பசை சில ஆண்டுகளில் பழுப்பேறித் தாளுக்குள் இறங்கிவிடும். பிறகு அதை எடுக்கப்போனால் எழுத்தும் சேர்ந்து வந்துவிடும். லேமினேஷன் அதைவிடக் கேடு. துண்டுகளை வெள்ளைத்தாளின்மேல் பொருத்தி, இருபுறமும் படமெடுத்துக்கொண்டு, ஒட்டாமலே தாள் உறையில் வையுங்கள். துருப்பிடித்த குண்டூசி இருந்தால் மெல்லக் கழற்றிவிடுங்கள். முடிந்திருந்த துணியையும் எறிய வேண்டாம். கிழித்தவர் யாராக இருந்தாலும், துண்டுகளை எறிய மனம் வராமல் முடிந்துவைத்த ஒருவர் இருந்தார் என்பதற்கு அதுதான் சாட்சி.

ஒன்று மட்டும் கவனியுங்கள். கடிதத்தாள் பெற்றவர் குடும்பத்துக்குச் சொந்தமானாலும், எழுத்தின் பதிப்புரிமை எழுதியவருக்கும் அவருடைய வாரிசுகளுக்கும் உரியது. எனவே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுமுன், அந்தத் தோழி இருக்கிறாரா என்று விசாரியுங்கள். இருந்தால் நேரில் போய்க் கேளுங்கள்.