பி.இ. முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் மகன்: கடன் வாங்கி எம்பிஏ சேர்க்கலாமா?

“என் மகன் மெக்கானிக்கல் முடித்து இரண்டு வருஷம் ஆகிறது. அரியர் எதுவும் இல்லை. குரூப் தேர்வுக்குப் படித்துக்கொண்டு வீட்டில்தான் இருக்கிறான். எதிர்வீட்டுப் பையன் ஐடிஐ ஃபிட்டர் முடித்துவிட்டு ஓசூரில் வேலைக்குப் போகிறான். லோன் போட்டாவது எம்பிஏ சேர்த்துவிடுங்கள் என்கிறார் கொழுந்தனார். சேர்க்கலாமா? மகள் பிளஸ் டூ படிக்கிறாள். அவளும் இன்ஜினியரிங் என்கிறாள்.”
– ஒரு வாசகி, திண்டுக்கல்

இப்போது வேண்டாம் அம்மா. இன்னொரு பட்டத்துக்குக் கடன் வாங்கும் முன், உங்கள் மகன் ஒரு வருஷமாவது தொழிற்சாலைக்குள் இருந்து பார்க்கட்டும். அதற்கு வழி இருக்கிறது.

அதற்கு முன் ஒன்று. எதிர்வீட்டுப் பையனைக் காட்டி மகனிடம் பேசாதீர்கள். நம் நாட்டில் படித்தவர்களிடம்தான் வேலையின்மை அதிகம். 2022 கணக்கில், இளைஞர்களில் பட்டதாரிகளிடையே அது 29.1 சதவீதம், எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடையே 3.4 சதவீதம்தான். படிப்பு கெடுத்துவிட்டது என்று இதற்குப் பொருள் இல்லை. படிக்காதவருக்குக் காத்திருக்க வசதி கிடையாது, கிடைத்த கூலி வேலைக்குப் போய்விடுகிறார். பட்டதாரிக்கு வீட்டில் சோறு இருக்கிறது, தகுந்த வேலை வரட்டும் என்று இருக்கிறார். ஆனால் கல்லூரி இடங்கள் பெருகிய வேகத்தில் பி.எஃப்., மாதச் சம்பளம் உள்ள வேலைகள் பெருகவில்லை. தமிழ்நாட்டில் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 2021-22இல் 47 சதவீதம். இந்திய அளவில் 28.4. ஆள் கூடினால் வேலை கொடுப்பவர் தகுதியை ஏற்றிக் கேட்பார். பத்தாம் வகுப்பு போதும் என்ற குரூப் 4 தேர்வையே பாருங்கள்: 2024இல் முதலில் அறிவித்த இடங்கள் 6,244, விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். அதில் உங்கள் மகன் தேறவில்லை என்றால் அது அவன் குறை அல்ல.

சரி, தனியார் வேலை ஏன் கிடைக்கவில்லை? கோவையில் ஒரு சிறிய மெஷின் ஷாப்பில் ஆள் எடுத்தபோது நானும் உட்கார்ந்திருந்தேன். உரிமையாளர் மேசையில் ஒரு டிராயிங்கை விரித்தார். துளைக்கு 25 எச்7 என்று போட்டிருந்தது: 25 மில்லிமீட்டர் விட்டம், எச்7 அதற்கான டாலரன்ஸ், அதாவது எவ்வளவு கூடலாம் என்ற வரம்பு. பக்கத்தில் ஒரு பீஸ், துளையை அளக்கும் போர் கேஜ். “போர் கேஜில் 25.03 காட்டுது. பாஸா, ரிஜெக்ட்டா?” பி.இ. படித்த தம்பி டாலரன்ஸ் என்றால் என்ன என்று அழகாக விளக்கினான். பீஸைக் கையில் எடுக்கவே இல்லை. அடுத்து வந்த ஐடிஐ பையன், “ரிஜெக்ட் சார். பிளஸ் 21 மைக்ரான் வரைக்கும்தான்” என்றான். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு; அந்தத் துளை 30 மைக்ரான் கூடியிருந்தது. அந்தத் தம்பிக்கு மூளை குறைவில்லை. அவனை யாரும் பீஸின் முன் நிறுத்தியதில்லை, அவ்வளவுதான்.

கற்றுக்கொடுக்கலாமே என்று கேட்டேன். “ஆறு மாசம் மெஷினையும் மெட்டீரியலையும் விட்டுப் பழக்குவேன். அப்புறம் ரெண்டாயிரம் கூடக் கிடைச்சா அடுத்த கம்பெனிக்குப் போயிடுவான்” என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. பழக்கும் செலவு ஒருவருக்கு, பலன் இன்னொருவருக்கு. அதனால் எல்லோரும் அனுபவம் கேட்கிறார்கள், அனுபவத்தைக் கொடுக்கத்தான் ஆள் இல்லை. வளரும் நாடுகளில் படிப்புக்கும் வேலைக்கும் நடுவே சங்கிலி அறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். எம்பிஏ இதை ஒட்டவைக்காது. இரண்டு வருஷம் கழித்து அதே கேள்வி வரும், கூடவே மாதத் தவணையும் வரும்.

இந்த இடைவெளிக்காகத்தான் 1961ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் (தொழில் பழகுநர்) சட்டம் இருக்கிறது. 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் அப்ரண்டிஸ் எடுத்தே ஆக வேண்டும். பட்டதாரிகளுக்கும் டிப்ளமோக்காரர்களுக்கும் ஒரு வருஷப் பயிற்சி. குறைந்தபட்ச உதவித்தொகையில் பாதியை மத்திய அரசு தருகிறது. பழக்கும் செலவில் அரசும் பங்கெடுப்பதால் நிறுவனத்தின் தயக்கம் குறையும். இதற்கான மத்திய அரசுத் திட்டமான ‘நாட்ஸ்’ (NATS) இணையதளத்தில் மகனை இந்த வாரமே பதியச் சொல்லுங்கள். அதன் தென்மண்டல அலுவலகம் சென்னை தரமணியில் இருக்கிறது. படித்து முடித்து வருஷங்கள் ஓடிவிட்டால் தகுதி போய்விடும், தள்ளிப்போட வேண்டாம்.

சேரும்போது இரண்டு விஷயம் பாருங்கள். இணையதளத்தில் பதிவான ஒப்பந்தம் கையில் வர வேண்டும்; வெறும் ‘டிரெய்னி’ என்று வாயால் சொல்லி கான்ட்ராக்டர் எடுத்தால் அது அப்ரண்டிஸ் ஆகாது. எந்தப் பிரிவில் போடுவார்கள் என்றும் கேட்கட்டும். குவாலிட்டி, டூல் ரூம், மெயின்டனன்ஸ் என்றால் தயங்காமல் போகலாம். வருஷம் முழுக்கப் பேக்கிங்கில் நின்றால் கற்க ஒன்றும் இருக்காது. பயிற்சி முடிந்ததும் அதே இடத்தில் வேலை தர வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை, அதையும் தெரிந்துகொண்டே போகட்டும். குரூப் தேர்வை விட வேண்டாம், வேலைக்குப் போய்க்கொண்டே எழுதலாம். எம்பிஏ ஆசை இருந்தால் மூன்று வருஷ அனுபவத்துக்குப் பிறகு யோசிக்கலாம். அப்போது எதைப் படிக்க வேண்டும் என்று அவனுக்கே தெரிந்திருக்கும்.

மகள் இன்ஜினியரிங் படிக்கட்டும், தடுக்காதீர்கள். கவுன்சிலிங்கில் கல்லூரியைக் குறிக்கும் முன் ஒரு வேலை நாளில் இருவரும் அங்கே போய் வாருங்கள். முகப்புக் கட்டடத்தைக் காட்டுவார்கள். ஒர்க் ஷாப்பைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். லேத்துக்கு அடியில் இரும்புச் சுருள் கிடக்கிறதா, மெஷினில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறதா, மாணவர்கள் கையில் கரி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். எல்லாம் பெயின்ட் அடித்தபடியே பளபளவென்று இருந்தால் அந்தக் கல்லூரியைப் பட்டியலில் கீழே தள்ளிவிடுங்கள்.