வாசகர் கேள்வி – பதில்: அழைப்பு வராத நாடுகள்

கேள்வி: ஜப்பானால் மிக அதிகம் அழிவுக்கு உள்ளான சீனாவை இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பானோடு உடன்படிக்கை செய்வதற்காகக் கூடிய 1951 சான் பிரான்சிஸ்கோ அமைதி மாநாட்டுக்கு ஏன் அழைக்கவில்லை? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: 1937 முதல் எட்டு ஆண்டுகள் ஜப்பானை எதிர்த்துப் போரிட்ட சீனாவுக்கு, 1949க்குப் பிறகு பெய்ஜிங்கில் ஒன்றும் தைவானின் தைப்பேயில் ஒன்றுமாக இரண்டு அரசுகள் உரிமை கொண்டாடின. 1950 ஜனவரியில் பெய்ஜிங் அரசை அங்கீகரித்துவிட்ட பிரிட்டன், தைப்பே அரசின் தலைவர் சியாங் கை ஷேக்கின் பிரதிநிதிகளோடு அமர மறுத்தது. கொரியப் போரில் சீனப் படைகளோடு மோதிக்கொண்டிருந்த அமெரிக்காவோ பெய்ஜிங்கை ஏற்கத் தயாராக இல்லை. 1951 ஜூனில் அமெரிக்கத் தூதர் ஜான் ஃபாஸ்டர் டல்லஸும் பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் ஹெர்பர்ட் மாரிசனும் பேசி, இரு சீன அரசுகளையுமே அழைப்பதில்லை, எந்தச் சீனாவோடு உடன்படிக்கை செய்வது என்பதை ஜப்பான் பின்னர் முடிவு செய்யட்டும் என்று தீர்த்துக்கொண்டார்கள். தோற்ற நாட்டின் கையில் அந்தத் தேர்வை ஒப்படைத்தது, போரில் மாண்ட சீனர்களுக்குச் செய்த அவமதிப்பு என்றே நான் கருதுகிறேன். அந்தத் தேர்வும் சுதந்திரமாக நடக்கவில்லை. அமெரிக்க செனட் உடன்படிக்கையை ஏற்காமல் போகலாம் என்ற அழுத்தத்தில், தைப்பேயோடுதான் ஒப்பந்தம் செய்வோம் என்று ஜப்பானியப் பிரதமர் யோஷிதா அவ்வாண்டு டிசம்பரில் டல்லஸுக்குக் கடிதம் எழுத நேர்ந்தது. மாநாட்டில் பெய்ஜிங்கை அழைக்குமாறு சோவியத் பிரதிநிதி குரோமிகோ கோரியதை, தலைமை வகித்த அமெரிக்க வெளியுறவு அமைச்சர் டீன் அச்சிசன் விதிமுறையைக் காட்டித் தள்ளிவிட்டார். உடன்படிக்கையில் ஜப்பான் தைவானைக் கைவிடுகிறது என்று எழுதினார்களே தவிர, யாருக்கு என்று எழுதவில்லை.

கேள்வி: இந்தியா ஏன் போகவில்லை? இலங்கை மட்டும் சென்றது எப்படி? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: இந்தியாவுக்கு அழைப்பு வந்தது; நேரு அரசு மறுத்தது. தைவானைச் சீனாவிடம் ஒப்படைக்கத் தெளிவான ஏற்பாடு இல்லை, ஜப்பானின் தெற்கே உள்ள ரியூக்யூ தீவுகள் அந்நாட்டுக்குத் திரும்பவில்லை, அமெரிக்கப் படைகள் ஜப்பானில் நீடிக்க வழி வைக்கப்பட்டுள்ளது என்பவை அதன் ஆட்சேபங்கள். பிறகு 1952 ஜூன் 9 அன்று இந்தியா தனியாக உடன்படிக்கை செய்து, இழப்பீட்டையும் விட்டுக்கொடுத்தது. 1942 ஏப்ரலில் கொழும்பும் திருகோணமலையும் ஜப்பானிய விமானங்களின் குண்டுவீச்சுக்கு ஆளாகியிருந்தும், இலங்கையின் நிதியமைச்சர் ஜே.ஆர். ஜெயவர்தன மாநாட்டுக்குச் சென்று, தம் நாடு இழப்பீடு கோராது என்று அறிவித்தார். வழிகள் வேறாக இருந்தாலும், ஜப்பான் தலைநிமிர வேண்டும் என்பதில் இரு நாடுகளும் ஒத்திருந்தன.

கேள்வி: கொரியாவின் நிலை என்ன? (வாசகர், காரைக்குடி)

பதில்: தென்கொரியாவைக் கையெழுத்திடும் நாடுகளில் சேர்க்க அமெரிக்கா முதலில் எண்ணியது. அப்படிச் சேர்த்தால் ஜப்பானில் வாழும் கொரியர்கள் நேச நாட்டுக் குடிமக்களுக்குரிய உரிமைகளைப் பெறுவார்கள் என்று யோஷிதா எதிர்த்தார். கொரியா ஜப்பானோடு போர் நிலையில் இருந்த நாடல்ல என்று பிரிட்டனும் சொன்னது. 1910 முதல் ஜப்பானின் குடியேற்ற நாடாக அடக்கி ஆளப்பட்ட ஒரு மக்கள் தனி அரசாகப் போர் அறிவித்திருக்க முடியாது என்பதை அறிந்தே அந்த வாதத்தை ஏற்றுக்கொண்டது, என் பார்வையில், மாநாட்டின் மிகப் பெரிய அநீதி. ஜப்பானைத் தவிர 48 நாடுகள் கையெழுத்திட்ட அந்த ஆவணத்தில் கொரியர்களின் கையெழுத்து இல்லை. 1965 வரை காத்திருந்தே சியோல் ஜப்பானோடு ஒப்பந்தம் செய்தது; அதன் வழியே 30 கோடி டாலர் மானியமும் 20 கோடி டாலர் கடனும் வந்தன. ஆனால் கட்டாய உழைப்புக்கு ஆளானவர்களின் தனிப்பட்ட உரிமையை அந்த ஒப்பந்தம் முடித்துவிடவில்லை என்று தென்கொரிய உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்தது. ஜப்பான் அரசு அத்தீர்ப்பை ஏற்கவில்லை.