மகளைத் தேர்தல் வேலைக்கு விடலாமோ?

தம்பி, ரொறன்ரோ ஸ்காபறோவுக்கு வந்து ஒரு வருசம்கூட ஆகேல்லை, 17 வயது மகள் எலெக்சனுக்கு வீடு வீடாப் போறாள், எங்கட பிஆருக்கு (நிரந்தரமா இருக்கிற உரிமைக்கு) ஏதும் பிரச்சினை வருமோ எண்டு கேட்டிருக்கிறியள். வராது. பேசுற உரிமையும் கூடுற உரிமையும் இஞ்ச இருக்கிற எல்லாருக்கும் உண்டு. வோட்டுப் போடத்தான் சிட்டிசன்ஷிப்பும் 18 வயதும் வேணும்.

உங்கட பயம் எனக்கு விளங்குது. ஊரில கட்சி, கூட்டம் எண்டு போன பெடியளுக்கு என்ன நடந்தது எண்டு பாத்து வந்த ஆக்கள் நாங்கள். ஆனா இஞ்சத்தைப் பிள்ளையளை அரசியலுக்கு இழுத்ததே தமிழ் எண்ட உணர்வுதான். 2009 மே 10, வன்னியில சனம் செத்துக்கொண்டிருக்க, ரொறன்ரோ கார்டினர் நெடுஞ்சாலையை மறிச்சு இருந்ததில கனபேர் இஞ்ச வளந்த இளம் பிள்ளையள். எங்கட ஆக்களே சிலபேர் அவையை ஏசினவை. அதுக்குப் பிறகுதான், ரோட்டில நிண்டு கத்தினால் மட்டும் காணாது, உள்ளுக்கும் ஆள் வேணும் எண்டு கனபேர் யோசிக்கத் தொடங்கினவை. 2011இல ராதிகா சிற்சபைஈசன் கனடாவின்ர முதல் தமிழ் எம்.பி. ஆனா.

உங்கட மகள் கதவைத் தட்டினால் ஒரு அம்மம்மா வந்து திறப்பா. மனுசிக்கு இங்கிலிஸ் வராது. 2023இல ஸ்காபறோ ரயில் தடம்புரண்டு, பிறகு ஒரேயடியா நிப்பாட்டினதால டொக்டரிட்டப் போக பஸ்ஸுக்கு நிண்டு கால் வீங்குது எண்டு தமிழில சொல்லுவா. அதைக் கேட்டு எழுதிக்கொண்டு வர இந்தப் பிள்ளையளைவிட்டால் ஆர் இருக்கினம்?

ஒண்டில மட்டும் கவனம். லிபரல், கொன்சர்வேட்டிவ் கட்சியளில 14 வயதிலயே உறுப்பினர் ஆகலாம். கட்சி வேட்பாளரைத் தெரிவுசெய்யிற நேரம் உறுப்பினர் ஃபோமோட வீட்டை வந்து, "எங்கட ஆள், சைன் வையுங்கோ" எண்டு கேப்பினம். தமிழர் எண்டது மட்டும் காணாது. வாடகைக்கு, பஸ்ஸுக்கு என்ன செய்வியள் எண்டு மகள் அவையிட்டைக் கேக்கட்டும். பதில் இல்லாட்டி சைன் வையாதேங்கோ.

ஹைஸ்கூல் முடிக்க 40 மணித்தியாலம் தொண்டு வேலை காட்டவேணும். தேர்தல் வேலையை அதில சேப்பினமோ எண்டு பள்ளிக்கூடத்தில பிள்ளையளுக்கு வழிகாட்டுற கைடன்ஸ் கவுன்சிலரிட்டை முதலே கேட்டு வையுங்கோ. இருட்டினாப் பிறகு தனிய அனுப்பாதேங்கோ, கூட ஒராள் போகட்டும்.