லேப் அக்கா அனுப்பிய போட்டோ: புகாரை யாரிடம், எப்படிக் கொடுப்பது?

கேள்வி: எங்கள் தனியார் மருத்துவமனையில் முப்பது பேருக்கு மேல் வேலை பார்க்கிறோம். லேபில் இருக்கும் அக்கா ஒரு இளைஞரின் எச்ஐவி ரிப்போர்ட்டைப் போனில் படம் பிடித்து, தன் சித்திக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியதைப் பார்த்துவிட்டேன். சித்தி மகளுக்கு அந்தப் பையனைத்தான் பேசி முடித்திருக்கிறார்களாம். “ஒரு பொண்ணோட வாழ்க்கையைக் காப்பாத்தியிருக்கேன்” என்கிறார். எனக்கு இந்த வேலையை வாங்கித் தந்ததே அவர்தான். புகார் கொடுக்கலாமா? கொடுத்தால் என் வேலைக்கு ஆபத்தா? – ஒரு ஸ்டாஃப் நர்ஸ்

பதில்: கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் முதலில் அக்காவின் நியாயத்தைப் பார்த்துவிடுவோம். நிர்வாகத்திலும் பாதிப்பேர் அதையேதான் சொல்வார்கள். கொஞ்சம் விவரம் தெரிந்தவர் 1998-ஆம் ஆண்டின் ‘மிஸ்டர் எக்ஸ்’ வழக்கை எடுத்துப் போடுவார். திருமணம் நிச்சயமானவரின் எச்ஐவி நிலையை மருத்துவமனை வெளியே சொன்னது தவறில்லை என்று அதில் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மைதான். அதற்குப் பிறகு எச்ஐவி, எய்ட்ஸ் தடுப்புக்கென்று 2017-இல் தனிச் சட்டமே வந்து, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது.

அதன்படி துணைவருக்குத் தெரிவிக்கும் அதிகாரம் மருத்துவருக்கும் ஆலோசகருக்கும் மட்டுமே. அவர்களும் நினைத்தபடி சொல்லிவிட முடியாது. ‘நீங்களே சொல்லிவிடுங்கள்’ என்று நோயாளிக்கு முதலில் ஆலோசனை தர வேண்டும். அவர் சொல்லப்போவதில்லை என்று உறுதியானால், தாங்கள் சொல்லப்போவதை அவரிடம் தெரிவித்துவிட்டு, துணைவரை நேரில் உட்காரவைத்து ஆலோசனை தந்த பிறகே சொல்லலாம். அக்காவுக்கு அந்தப் பெண்ணைப் பற்றிக் கவலை என்றால், டாக்டரின் அறைக் கதவைத் தட்டியிருக்க வேண்டும். சித்தியின் வாட்ஸ்அப்புக்கு இதில் என்ன வேலை?

சரி, யாரிடம் கொடுப்பது? இருபது பேர் அல்லது அதற்கு மேல் உள்ள மருத்துவமனை, இந்தச் சட்டப்படி புகார் அலுவலர் ஒருவரை நியமித்திருக்க வேண்டும். உங்கள் மருத்துவமனை அந்தக் கணக்கில் வருகிறது. யாரையும் நியமிக்கவில்லை என்றால் (பல இடங்களில் அந்தப் பெயரே புதிதாக இருக்கும்) பொறுப்பு மருத்துவர் பெயருக்கே எழுதுங்கள்.

எழுதும்போதுதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். ஆதாரம் வேண்டுமே என்று அந்த ரிப்போர்ட்டைத் தாங்களும் ஒரு படம் எடுத்து இணைப்பார்கள், அல்லது ஸ்டாஃப் குரூப்பில் ‘இது சரியா?’ என்று போடுவார்கள். அப்போது அதே தப்பு இரண்டாவது முறை நடக்கிறது. நோயாளியின் பெயர், ஊர், நோய் எதுவும் கடிதத்தில் வேண்டாம். பதிவு எண் போதும். இப்படி எழுதலாம்: “செவ்வாய் மாலை ஐந்து மணியளவில், லேப் கவுன்ட்டரில், இன்ன பதிவு எண்ணுக்குரிய ரிப்போர்ட்டை இவர் தன் கைப்பேசியில் படம் எடுத்து, வெளியாள் ஒருவருக்கு அனுப்பியதை நேரில் பார்த்தேன். உறவினருக்கு அனுப்பியதாக அவரே என்னிடம் சொன்னார்.” கண்ணால் பார்த்ததும் காதால் கேட்டதும் மட்டும் இருக்கட்டும். ‘இவர் எப்பவுமே இப்படித்தான்’ என்ற வரி வந்தால் அடித்துவிடுங்கள். மூடிய உறையில் கொடுத்து, ‘பெற்றுக்கொண்டேன்’ என்று நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள்.

அக்காவின் போனை வாங்கிப் பார்ப்பது, அழிக்கச் சொல்வது, அந்தப் பையனுக்கு நீங்களே போன் போடுவது, எதுவும் வேண்டாம். நோயாளியிடம் பேசுவது மருத்துவரின் பொறுப்பு.

உள்ளே கடிதத்தை ஊறப்போட்டால், மாநில அரசு நியமிக்கும் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். பாதிக்கப்பட்டவர்தான் போக வேண்டும் என்றில்லை, யார் வேண்டுமானாலும் புகார் தரலாம். அவர் 30 நாளுக்குள் உத்தரவு போட வேண்டும்.

வேலை விஷயம்: இந்தச் சட்டப்படி புகார் கொடுத்ததற்காக ஒருவருக்கு எந்தப் பாதகமும் செய்யக் கூடாது என்று 40-ஆம் பிரிவு சொல்கிறது. அதற்காக நைட் ஷிஃப்டாகப் போட்டு வாட்ட மாட்டார்கள் என்று நான் உத்தரவாதம் தர முடியாது. அதனால் இந்த மாத டியூட்டி சார்ட்டை இப்போதே நகல் எடுத்து, கையெழுத்து வாங்கிய கடிதத்தோடு வீட்டில் வையுங்கள்.